தெரியாத பாட்டை இன்னொருவர் காதில் சேர்ப்பது: பிளேலிஸ்ட் முதல் சிறு கச்சேரி வரை

திரைப்பாட்டு ஒன்றைப் பகிர்ந்தால் அதனுடன் ஒரு முகம், ஒரு காட்சி, ஏற்கெனவே நூறு முறை காதில் விழுந்த பழக்கம் எல்லாம் சேர்ந்தே போகும். சுயாதீனக் கலைஞரின் பாட்டுக்கு அந்தத் துணை எதுவும் கிடையாது. கேட்பவருக்குக் குரல் புதிது, மெட்டு புதிது, வரிகளும் புதிது. அதனால் பிளேலிஸ்ட் போட்டாலும் சரி, நாற்பது பேரைக் கூட்டிக் கச்சேரி வைத்தாலும் சரி, ஒரே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும்: முதன்முறை கேட்பவருக்கு இந்தப் பாட்டு தெளிவாகப் போய்ச் சேருமா?

கருப்பொருளைக் குறுக்குங்கள்

‘மழைப் பாடல்கள்’, ‘சோகப் பாடல்கள்’, ‘புதிய இண்டி பாடல்கள்’ என்றெல்லாம் தலைப்பு வைத்தால் எந்தப் பாட்டும் அதில் பொருந்திவிடும். எல்லாமே பொருந்தும் தலைப்பு எதையும் தேர்ந்தெடுக்க உதவாது. ‘மழை நின்ற பிறகு நனைந்த உடையோடு வீடு திரும்பும் அரை மணி நேரம்’ என்று வைத்துப் பாருங்கள். உடனே பாதிப் பாடல்கள் தாமாகவே வெளியே போய்விடும். வகையின் பெயரைவிட ஒரு சூழலின் பெயர் நல்ல தலைப்பு. ஒரே கருவி, ஒரே கேள்வி, ஒரே உறவு என்றும் கட்டலாம்: அம்மாவிடம் பேசும் பாடல்கள், தாளவாத்தியமே இல்லாத பாடல்கள், ஒரே அறையில் ஒரே டேக்கில் பதிவான பாடல்கள்.

முதலில் முப்பது பாடல்களைச் சேருங்கள். இரண்டு நாள் விட்டு மறுபடி கேளுங்கள். தலைப்பை ஒருவரிடம் சொன்னால் இந்தப் பாட்டு ஏன் இதில் இருக்கிறது என்று அவருக்குப் புரியுமா? விளக்கம் தேவைப்படுகிற பாட்டு எவ்வளவு பிடித்ததாக இருந்தாலும் அதை இன்னொரு பட்டியலுக்கு ஒதுக்கி வையுங்கள். கடைசியில் பத்து முதல் பன்னிரண்டு பாடல்கள் நின்றால் போதும். நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கமும் இதே அளவுதான். பழக்கமில்லாத குரல்களை ஒரே இருப்பில் கேட்க அது நல்ல அளவு. ஸ்பாட்டிஃபையில் ஒரு பட்டியலுக்குள் 10,000 பாடல்கள் வரை போடலாம் என்பது உண்மைதான். ஆனால் அப்படிப்பட்ட பட்டியல் சேமிப்புக் கிடங்கு. அதை யாரும் முழுதாகக் கேட்கப் போவதில்லை.

வரிசைதான் பாதி வேலை

முதல் பாட்டில் குரல் 20 விநாடிக்குள் வந்துவிட வேண்டும். நீண்ட முன்னிசை கொண்ட அழகான பாட்டு உங்களிடம் இருக்கலாம். அதை நான்காவது இடத்தில் வையுங்கள். அதற்குள் கேட்பவருக்கு உங்கள் தேர்வின் மீது கொஞ்சம் நம்பிக்கை வந்திருக்கும், காத்திருப்பார். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி தாண்டிக் கேட்டால்தான் அது ஒரு ஸ்ட்ரீமாக எண்ணப்படும். ஆகவே தொடக்கத்திலேயே கேட்பவர் தாண்டிப் போய்விட்டால் கலைஞருக்கும் எதுவும் சேராது.

இரண்டாவது அல்லது மூன்றாவது இடத்தில் ஓரளவு பரிச்சயமான ஒரு பாட்டு இருக்கட்டும். ஒன்றே போதும். இரண்டு வைத்தால் புதியவை நடுவில் இட்டு நிரப்பியவை போலத் தோன்றும். ஒரு கலைஞருக்கு ஒரு பாட்டு என்ற கட்டுப்பாட்டையும் தளர்த்தாதீர்கள்.

வேகத்தைக் கணக்கிட எந்தச் செயலியும் வேண்டாம். 15 விநாடிக்கு எத்தனை தட்டு விழுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். 18 வந்தால் நிமிடத்துக்கு 72. அடுத்தடுத்த பாடல்களுக்கு இடையே 10, 15 தட்டு வித்தியாசம் உறுத்தாது. 75-ல் இருந்து 110-க்குத் தாவினால் திடுக்கிடும். ஆனால் 70-ல் இருந்து 140-க்குப் போவது பல சமயம் இயல்பாக இருக்கும், ஏனென்றால் ஒன்று மற்றதன் சரியாக இரட்டை. இதைவிட முக்கியமானது இணைப்பு. ஒவ்வொரு பாட்டின் கடைசி 20 விநாடியையும் அடுத்த பாட்டின் முதல் 20 விநாடியையும் மட்டும் தொடர்ந்து கேளுங்கள். சுருதி உரசினால் அங்கேயே தெரிந்துவிடும். அப்போது இரண்டுக்கும் நடுவே சுருதி அழுத்தமாக ஒலிக்காத பாட்டு ஒன்றை, பேச்சில் தொடங்குவதையோ வெறும் தாளத்தில் தொடங்குவதையோ, வைத்தால் சரியாகிவிடும்.

ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் கலந்து ஒலிக்கவிடும் கிராஸ்ஃபேடை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். ஸ்பாட்டிஃபையில் அதை 12 விநாடி வரை கூட்டலாம். மெல்ல மறையும் பாடல்களின் கடைசி வரியை அது விழுங்கிவிடும். கேட்பவரின் கருவியில் என்ன அமைப்பு இருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. ஷஃபிளும் அப்படித்தான். அதனால் பட்டியல் விவரத்தின் முதல் வரியிலேயே ‘ஷஃபிளை அணைத்துவிட்டு வரிசையாகக் கேளுங்கள்’ என்று எழுதிவிடுங்கள்.

வீட்டில் பதிவான பாட்டுக்கும் ஸ்டூடியோவில் மாஸ்டர் செய்த, அதாவது வெளியீட்டுக்காக ஒலியை மெருகேற்றிய, பாட்டுக்கும் ஒலி அளவில் பெரிய வித்தியாசம் இருக்கும். ஸ்பாட்டிஃபை இயல்பாகவே எல்லாவற்றையும் சுமார் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குத் தோன்றும் சராசரி உரப்பின் அலகு) அளவுக்குச் சமன் செய்யப் பார்க்கிறது. அப்படியும் சில பாடல்கள் அமுங்கியே ஒலிக்கும். மெல்லிய பாட்டில் திடீரென்று ஒரே ஒரு இடம் உரத்து வந்தால், அந்த இடம் சிதையக் கூடாது என்பதற்காக மொத்தப் பாட்டையும் அது முழுதாக ஏற்றுவதில்லை. இப்படிப்பட்ட பாட்டை இரைச்சலான பாட்டுக்குப் பின்னால் வைக்காமல், இன்னொரு மெல்லிய பாட்டுக்குப் பின்னால் வையுங்கள்.

பாட்டோடு எதைச் சேர்த்து அனுப்புவது

ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள். ‘அருமை’, ‘மனதை உருக்கும்’ போன்ற சொற்களால் கேட்பவருக்கு எந்தப் பயனும் இல்லை. ‘இரண்டாவது சரணத்தில் கிடார் நின்றுவிடும், அதைக் கவனியுங்கள்’ என்பது பயன்படும். எழுதியவர், இசையமைத்தவர், வாசித்தவர் பெயர்களைக் கலைஞரின் சொந்தப் பக்கத்தில் உள்ளபடியே குறிப்பிடுங்கள். யாரோ மறுபதிவேற்றம் செய்த காணொளியின் இணைப்பைத் தராதீர்கள். அதில் விழும் பார்வைகள் கலைஞரின் பக்கத்தில் சேராது, ஒருநாள் காணாமலும் போகும்.

விலைக்கு வாங்கும் வழி இருந்தால் அந்த இணைப்பைக் கட்டாயம் சேருங்கள். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில், முந்தைய 12 மாதங்களில் 1,000 ஸ்ட்ரீமைத் தொடாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டி கணக்கில் வருவதில்லை. புதிய கலைஞர்கள் பலர் இந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள். பேண்ட்கேம்ப் என்ற இசை விற்பனைத் தளத்தில் டிஜிட்டல் விற்பனைக்குத் தளம் எடுக்கும் பங்கு 15 சதவீதம். இசைத்தட்டு, சட்டை போன்ற பொருட்களுக்கு 10 சதவீதம். 2020 மார்ச்சில் தொடங்கிய ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’ நாட்களில் அந்தப் பங்கையும் தளம் விட்டுக்கொடுக்கிறது. பத்துப் பேர் ஒரு பாட்டை விலைக்கு வாங்குவது அந்தக் கலைஞருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இந்தக் கணக்கைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குப் பட்டியலை மாற்றும்போது ஒவ்வொரு பாட்டையும் திறந்து பாருங்கள். மாற்றும் கருவிகள் ஒரே பெயருள்ள வேறொருவர் பாட்டையோ, மேடைப் பதிவையோ, ரீமிக்ஸையோ சத்தமில்லாமல் உள்ளே வைத்துவிடும். கலைஞர் விநியோக நிறுவனத்தை மாற்றினாலும் பாட்டு பட்டியலில் சாம்பல் நிறமாகி ஒலிக்காமல் நிற்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலை முழுதாக ஓடவிட்டுச் சரிபார்த்தால் போதும்.

வெறும் இணைப்பைக் குழுவில் வீசினால் யாரும் திறக்க மாட்டார்கள். ஒருவருக்கு ஒரு பாட்டைக் காரணத்தோடு அனுப்பி, பிடித்தால் முழுப் பட்டியல் இங்கே என்று சொல்லுங்கள். பிறகு ‘பிடித்ததா’ என்று கேட்காதீர்கள். மரியாதைக்காக ஆமாம் என்பார்கள். ‘எந்தப் பாட்டில் நிறுத்தினீர்கள்?’ என்று கேளுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் நிறுத்தியிருந்தால், கோளாறு பெரும்பாலும் அதற்கு முந்தைய இணைப்பில் இருக்கும்.

கச்சேரிக்கு வரும்போது

பட்டியலில் இருந்தே இரண்டு கலைஞர்களை அழையுங்கள், மூன்று வேண்டாம். 30 முதல் 50 பேர் உட்காரும் அறை, முதல் கலைஞருக்கு 25 நிமிடம், மேடை மாற்ற 15, இரண்டாமவருக்கு 45. இதற்குமேல் நீண்டால் தெரியாத பாடல்களைக் கேட்கும் காது களைத்துவிடும்.

கலைஞருக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே தேதி, இடம், எத்தனை பேர், எவ்வளவு நேரம், என்ன கருவிகள் தயாராக இருக்கும், பணம் எவ்வளவு, பதிவு செய்யப்படுமா என்ற ஏழும் இருக்க வேண்டும். பணத்தைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். நுழைவுக் கட்டணத்தில் பங்கு என்றால், செலவு கழித்த பிறகா கழிக்கும் முன்பா என்பதை எழுத்தில் வையுங்கள். கூட்டம் வராவிட்டாலும் இவ்வளவு உண்டு என்ற ஒரு அடித்தொகையைச் சொல்வதே நியாயம்.

பொது இடத்தில் இசை நிகழ்த்தப் பெரும்பாலான நாடுகளில் உரிமம் உண்டு. அரங்குக்கு அது இருக்கிறதா, யார் கட்டணம் செலுத்துவது என்று முன்பே கேளுங்கள். பிறர் பாட்டைப் பாடும் எண்ணம் இருந்தால் இன்னும் அவசியம். தனிநபர் ஸ்ட்ரீமிங் கணக்கைப் பொது இடத்தில் ஒலிக்கவிட ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களின் விதிகள் இடம் தருவதில்லை. இடைவேளையில் உங்கள் பிளேலிஸ்டை ஓடவிட வேண்டுமானால், கலைஞர்களிடம் நேரடியாகக் கோப்பையும் அனுமதியையும் வாங்கி, அது அரங்கின் உரிமத்துக்குள் வருகிறதா என்றும் பாருங்கள்.

ஒலி: குரல்தான் முதலில்

ஐம்பது பேர் அறைக்கு 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு, எட்டு சேனல் மிக்சர் (எட்டு ஒலிகளை வாங்கிக் கலக்கும் பெட்டி) ஒன்று போதும். சேனலை முன்பே எண்ணிக்கொள்ளுங்கள்: குரல் இரண்டு, கிடார் ஒன்று, கீபோர்டு ஸ்டீரியோ என்றால் இரண்டு, தாளத்துக்கு ஒன்று என்றால் ஆறு ஆகிவிட்டது.

ஸ்பீக்கர்களை மைக்குகளுக்கு முன்னால், கேட்பவர்கள் பக்கம் தள்ளி வையுங்கள். பின்னால் வைத்தால் மைக் தன் ஒலியையே மறுபடி வாங்கிக் கூவும். ஸ்பீக்கரின் மேல்பகுதி உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்குமேல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்வரிசை உடல்களிலேயே வரிகளின் தெளிவு நின்றுவிடும். குரலுக்கு ஷ்யூர் எஸ்.எம்.58 போன்ற டைனமிக் கார்டியாய்டு (முன்பக்க ஒலியை அதிகம் வாங்கும்) மைக் வசதி. அது நேர் பின்பக்கத்து ஒலியைத்தான் மிகக் குறைவாக வாங்கும், ஆகவே மானிட்டரை, அதாவது பாடகர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கரை, மைக்கின் நேர் பின்னால் வையுங்கள். இன்னும் குறுகலான கோணத்தில் வாங்கும் சூப்பர்கார்டியாய்டு என்றால் நேர் பின்பக்கமும் கொஞ்சம் கேட்கும். மானிட்டரைச் சற்றுப் பக்கவாட்டுக்கு நகர்த்த வேண்டும். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் இந்தக் குணமே போய்விடும், கூவல் வரும். பாடகரிடம் இதை முன்பே சொல்லுங்கள்.

உதட்டுக்கு மிக அருகில் வைத்துப் பாடினால் அடி ஒலி பெருகி வரிகள் குழையும். குரல் சேனலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் கருவி) வைத்த கிடார் முழங்கினால் 200, 250 ஹெர்ட்ஸ் பக்கம் சிறிது குறையுங்கள். எவருடைய குரலையும் கூட்டுவதற்கு முன் மற்றதைக் குறைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

கிடாரிலிருந்து மிக்சர் வரை நீளமான சாதாரணக் கேபிளை இழுத்தால் மேல் ஒலி மங்கி இரைச்சல் சேரும். மேடையிலேயே ஒரு டி.ஐ. பெட்டி (கிடாரின் ஒலியை மிக்சருக்கேற்றபடி மாற்றித் தருவது) வைத்து அங்கிருந்து எக்ஸ்.எல்.ஆர். கேபிள், அதாவது மைக்குக்குப் போடும் மூன்று முள் கேபிள், போடுங்கள். பேட்டரி இல்லாத ஆக்டிவ் டி.ஐ. என்றால் மிக்சரில் 48 வோல்ட் ஃபேண்டம் பவர் (ஒலிக் கேபிள் வழியாகவே போகும் மின்சாரம்) வேண்டும். அதைப் போடும்போது சேனலை ம்யூட் செய்யுங்கள். லேப்டாப் சார்ஜரை இணைத்தவுடன் ‘ம்ம்ம்’ என்று முனகல் வந்தால் அது எர்த் சுற்று, அதாவது கருவிகள் எர்த் வழியாக வளையமாக இணைந்துவிட்டன. டி.ஐ. பெட்டியிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானைத் தட்டுங்கள், அல்லது லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுங்கள். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள், உயிருக்கே ஆபத்து. மிக்சரை முதலில் போட்டு ஸ்பீக்கரைக் கடைசியில் போடுங்கள், அணைக்கும்போது ஸ்பீக்கரை முதலில்.

சவுண்ட் செக்கில் கடைசியாகப் பாடுபவரை முதலில் பாருங்கள், முதலில் பாடுபவரைக் கடைசியில். அப்போது தொடங்கும்போது மேடை அவருக்கேற்றபடியே இருக்கும். மற்றவரின் மிக்சர் அமைப்பைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலி அறை எதிரொலிக்கும்; ஆட்கள் நிறைந்ததும் உடல்களும் உடைகளும் மேல் ஒலியை உறிஞ்சும். ஆகவே முதல் பாட்டின்போது கடைசி வரிசையில் போய் நின்று ஒரு சரணம் கேளுங்கள். வரிகள் புரியவில்லை என்றால் குரலைச் சற்று ஏற்றி, மற்றவற்றை இறக்குங்கள். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் அரங்குகளுக்கு வகுத்த வரம்பு 15 நிமிடச் சராசரியில் 100 டெசிபல். வரிகள் முக்கியமான சிறு கச்சேரி அதன் பக்கத்தில்கூடப் போக வேண்டியதில்லை.

அறை சூடேறினால் கம்பிகள் தளர்ந்து சுருதி இறங்கும். இரண்டு பாட்டுக்கு ஒருமுறை சுருதி சேர்க்க நேரம் விட்டுத்தான் பாட்டு எண்ணிக்கையைத் திட்டமிட வேண்டும்.

அன்றிரவே

பாடிய வரிசையிலேயே ஒரு பிளேலிஸ்டை அன்று இரவே வெளியிடுங்கள். மறுநாள் என்றால் பாதிப் பேர் பெயரை மறந்திருப்பார்கள். இன்னும் பதிவாகாத பாட்டு இருந்தால் விவரத்தில் அதன் பெயரையும் ‘இன்னும் வெளிவரவில்லை’ என்பதையும் எழுதுங்கள். அனுமதியோடு பதிவு செய்திருந்தால் மிக்சரிலிருந்து ஒரு தடமும், அறையின் நடுவே வைத்த மைக்கிலிருந்து இன்னொரு தடமும் எடுத்திருக்க வேண்டும். மிக்சர் தடத்தில் மட்டும் பார்த்தால், மைக் இல்லாமலே உரத்துக் கேட்ட தாளம் ஏறக்குறைய காணாமல் போயிருக்கும். இரண்டையும் கலந்து முதலில் கலைஞருக்கு அனுப்புங்கள். அவர் சரி என்று சொன்ன பாடல்களை மட்டும் வெளியே விடுங்கள்.