தன்மதிப்பா, தன்மோகமா? வீட்டில் எதைக் கவனிப்பது

தன் வேலையைப் பெருமையாகப் பேசுகிறவரை எல்லாம் ‘நார்சிசிஸ்ட்’, அதாவது தன்மோகம் பிடித்தவர், என்று சொல்லிவிடுகிறோம். பெருமைப் பேச்சை விடுங்கள். குறை சொன்னால் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறை ஒன்றுக்கு, பற்றவைத்த இடம் விட்டுப்போன கொலுசு திரும்பி வருகிறது என்று வையுங்கள். தன்மதிப்பு உள்ளவருக்கும் முகம் சுருங்கும். ஆனாலும் வாங்கிப் பார்ப்பார், சரிசெய்து கொடுப்பார். பக்கத்துப் பட்டறை வேலை நன்றாக இருந்தால் அதையும் வாய்விட்டுச் சொல்வார். தன்மோகம் கோளாறாகிப்போனவருக்கோ அது கொலுசின் குறையாகப் படாது. தன்னையே கேவலப்படுத்தியதாகப் படும். பட்டறைப் பையன்மேல் பழி போடுவார், கத்துவார், இல்லையென்றால் நாள்கணக்கில் முகம் கொடுக்க மாட்டார். உள்ளே மதிப்பு ஆட்டம் காண்பதால்தான் ஓயாத பாராட்டு தேவைப்படுகிறது. சிலரிடம் மிடுக்கே இருக்காது; கூச்சமாக இருப்பார்கள், ‘என் அருமை யாருக்கும் தெரியவில்லை’ என்று உள்ளுக்குள் குமைவார்கள். இவர்களைத் தவறவிடுவது எளிது.

ஒரு சண்டையை வைத்து முடிவு கட்டாதீர்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1980-ல் தன்மோகத்தைத் தனிக் கோளாறாகச் சேர்த்தது. அது சொல்லும் 9 அடையாளங்களில் குறைந்தது 5 வேண்டும்: தனக்கு மட்டும் தனிச் சலுகை, பிறர் வலி உறைக்காமை, ஆளைப் பயன்படுத்திக்கொள்வது, பொறாமை போன்றவை. இளவயதிலேயே தொடங்கி, பல இடங்களிலும் ஆண்டுக்கணக்கில் நீடிக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பையனின் அலட்டல் இதில் சேராது. திடீரென்று சில நாட்களாகத் தூக்கமே இல்லாமல் ஆகாயக்கோட்டை கட்டினால் அது வேறு நோயாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தேதி, நடந்தது, அவர் சொன்ன வார்த்தை இவற்றை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மருத்துவருக்கு உதவும். சண்டையில் நோயின் பெயரை எடுத்து வீசாதீர்கள். அதற்குப் பிறகு அவரைச் சிகிச்சைக்கு அழைப்பது பெரும்பாடு. “கத்தினால் பேச்சை நிறுத்திவிடுவேன், அமைதியானதும் பேசலாம்” என்று ஒருமுறை சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் அப்படியே செய்யுங்கள். பாதியில் இறங்கிவந்தால், கத்தினால் காரியம் நடக்கும் என்று ஆகிவிடும்.

‘உனக்கு மனநோய்’ என்றால் வரமாட்டார். தூக்கமில்லை, மனச்சோர்வு என்று அவரே உணரும் தொல்லையைச் சொல்லி, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். தன்மோகக் கோளாறுக்கென்று தனி மாத்திரை கிடையாது. நீண்டகால உளவியல் சிகிச்சைதான். கூடவே வரும் மனச்சோர்வுக்கு மருந்து உண்டு. அவர் மறுத்தால் நீங்களாவது 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி ஆலோசனை) எண்ணில் பேசுங்கள். அடி, மிரட்டல் என்றால் ஆலோசனைக்குக் காத்திருக்க வேண்டாம். பெண்கள் உடனே மகளிர் உதவி எண் 181-ஐ அழைக்கலாம்.