ஏஜென்சி வழியாக ஃப்ரீலான்ஸ் வேலையா? கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

நிறுவனத்திடம் ஏஜென்சி 1,25,000 ரூபாய் வாங்கி உங்களுக்கு 1,00,000 கொடுத்தால், தன் பங்கை 20 சதவீதம் என்றும் சொல்லலாம், 25 என்றும் சொல்லலாம். இரண்டும் கணக்குப்படி சரிதான். அதனால் சதவீதத்தை விட்டுவிட்டு நிறுவனத்துக்கு ஏஜென்சி போடும் பில் தொகையைக் கேளுங்கள்.

அதைவிட முக்கியம், பணம் வரும் நாள். ‘கிளையன்ட் கொடுத்த பிறகே தருவோம்’ என்ற வரி இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். வேலை முடித்தவர் ஏன் காத்திருக்க வேண்டும்? வேலை தொடங்கும் முன்பே, குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான (எம்.எஸ்.எம்.இ.) அரசுப் பதிவுத் தளமான உத்யமில் குறு நிறுவனமாகப் பதிந்துவிடுங்கள், கட்டணம் இல்லை. 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்குப் பணம் தர, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாள்தான் கெடு. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதம்’ (Bank Rate) என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். அப்புறம், உத்யம் எண்ணை ஒவ்வொரு இன்வாய்ஸிலும் போடுங்கள்.