கடற்கொள்ளை வழக்கு: குற்றப்பத்திரிகையிலேயே தோற்காதீர்கள்

இளம் வழக்கறிஞர்களுக்கான பயிற்சியில் மாதிரிக் குற்றப்பத்திரிகைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் ஒரே வரி: “ஐநா கடல் சட்ட ஒப்பந்தத்தின் 101ஆம் பிரிவின்படி குற்றம் புரிந்துள்ளனர்.” எங்கள் தலைமுறை எழுதிய அதே வரி. எழுத்துப்பிழை, தேதிப்பிழையை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். மற்றவற்றைச் சொல்கிறேன்.

ஒப்பந்தத்தையே தண்டனைச் சட்டமாக நினைப்பது

கடற்கொள்ளை எது என்று 101 சொல்கிறது. பிடித்த நாடே விசாரிக்கலாம் என்கிறது 105. சரி, தண்டனை எத்தனை ஆண்டு? எந்த நீதிமன்றம்? அதை உள்நாட்டுச் சட்டம்தான் சொல்ல வேண்டும்.

1999 அக்டோபரில் அலுமினியக் கட்டிகளோடு இந்தோனேசியாவிலிருந்து ஜப்பானுக்குப் புறப்பட்ட அலோண்ட்ரா ரெயின்போ கப்பலைக் கடத்தியவர்கள், அதன் பெயரையே மாற்றி அரபிக்கடல் வரை ஓட்டி வந்துவிட்டார்கள். நம் கடலோரக் காவல்படையும் கடற்படையும் துரத்திப் பிடித்தன. அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்திலோ கடற்கொள்ளை என்றொரு குற்றமே இல்லை. கிடைத்த பிரிவுகளை ஒட்டுப்போட்டு வழக்கு நடத்தினார்கள். 2003இல் மும்பை அமர்வு நீதிமன்றம் தண்டித்தது; 2005இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. உயிரைப் பணயம் வைத்துப் பிடித்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

சட்டம் இருந்தாலும் ஒரு பிரிவை மட்டும் படித்துவிட்டு நிற்காதீர்கள். கென்ய தண்டனைச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, ஆழ்கடலில் நடக்கும் கொள்ளையும் குற்றம் என்று தெளிவாகவே சொன்னது. ஆனால் நீதிமன்ற அதிகாரம் கரையோரக் கடலோடு முடிகிறது என்று 5ஆம் பிரிவைக் காட்டி, 2010இல் உயர் நீதிமன்றம் வழக்கையே நிறுத்திவிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்ற 2012 ஆகிவிட்டது.

அமெரிக்காவில் நார்ஃபோக்கில், 2010இல் சில மாத இடைவெளியில் இரண்டு நீதிபதிகள் எதிரெதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். பொருளைப் பறிக்காவிட்டால் கடற்கொள்ளையே இல்லை என்றார் ஒருவர். தாக்கினாலே போதும் என்றார் மற்றவர். அங்குள்ள சட்டம் ‘சர்வதேசச் சட்டம் வரையறுத்தபடி’ என்று சொல்லிவிட்டு நின்றதால் வந்த வினை அது.

இந்தியாவில் 2022இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் முயற்சியையும் தண்டிக்கிறது. கரையிலிருந்து 200 கடல் மைல் வரையான பிரத்யேகப் பொருளாதார மண்டலத்தையும் சேர்த்துக்கொள்கிறது. 2024 மார்ச்சில் எம்.வி. ரூயன் கப்பலில் பிடிபட்டு மும்பைக்குக் கொண்டுவரப்பட்ட 35 பேர் மீதும் இந்தச் சட்டம் பாய்ந்தது. அதற்காக ‘நடுக்கடலில்’ என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம், கப்பலின் கொடி நான்கும் முதல் பத்தியிலேயே வர வேண்டும். 12 கடல் மைலுக்குள், அதாவது ஒரு நாட்டின் கரையோரக் கடலுக்குள், நடந்திருந்தால் கதையே வேறு.

மகஜரில் (கைப்பற்றிய பொருட்களின் பதிவில்) ‘சில பொருட்கள்’ என்று எழுதுவது

“மீன் பிடிக்கப் போனோம்” என்பார்கள் பிடிபட்டவர்கள். படகில் வலை இல்லை, கொக்கி மாட்டிய ஏணி இருந்தது என்பதுதான் உங்கள் பதில். ஏணியின் நீளம், கொக்கிகளின் எண்ணிக்கை, அது கிடந்த இடம் எல்லாம் மகஜரில் ஏற வேண்டும். பிடித்தவர்கள் அந்தப் படகை மூழ்கடிப்பதற்கு முன்பே படம் எடுத்தாக வேண்டும்.

ஒரே கப்பலுக்குள் நடந்த கலகத்தைக் கடற்கொள்ளை என்பது

101இன் முதல் வகை, ஒரு கப்பலில் இருப்பவர்கள் இன்னொரு கப்பலைத் தாக்குவது; அதற்கு இரண்டு கப்பல் வேண்டும்.

மாலுமிகளை ஊருக்கு அனுப்பிவிடுவது

தாக்கப்பட்ட கப்பலின் மாலுமிகள்தான் உங்கள் சாட்சிகள்; வாக்குமூலம் வாங்காமல் அனுப்பாதீர்கள். அடுத்த கப்பலில் ஏறியவரைச் சம்மன் எட்டாது.

கரையேறிய பிறகு தாமதிப்பது

பிரான்ஸ் பிடித்துவந்த கடற்கொள்ளையர் வழக்கில், கடலில் கழிந்த நாட்களை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் புரிந்துகொண்டது. பிரான்ஸ் மண்ணில் இறங்கிய பிறகும் நீதிபதி முன் நிறுத்தாமல் 48 மணி நேரம் போலீஸ் காவலில் வைத்ததைத்தான் 2014இல் தவறு என்றது.

வயதை விசாரிக்காமல் விடுவது

பிடிபட்டவர் சிறாரா என்று பிடித்த அன்றே கேளுங்கள்.