ஹாட்பாட் விருந்தில் தட்டைக் கவிழ்க்காதீர்கள்

சீனாவின் சோங்கிங் நகரத்துக்கு வேலைக்கு வந்து மூன்று மாதமே ஆன ஒரு தம்பி, போன சனிக்கிழமை எங்களை வீட்டுக்கு ஹாட்பாட் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். மேஜை நடுவில் கொதிக்கும் சூப்பில் இறைச்சியையும் காய்கறியையும் அவரவரே வேகவைத்துச் சாப்பிடும் விருந்து அது. ஆறு வருடத்துக்கு முன் நான் செய்த தப்புகளையே அவனும் வரிசையாகச் செய்தான். நாக்கைச் சுட்டுக்கொள்வது, சாப்ஸ்டிக்கில் பிடித்தது நழுவுவது எல்லாம் நாலு விருந்தில் தானாகச் சரியாகிவிடும். மற்றவற்றைச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும். விருந்தாளி காத்திருக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் செய்கிறோம். நானும் முதல் விருந்தில் மூன்று தட்டு ஆட்டிறைச்சியை மொத்தமாகச் சட்டியில் கவிழ்த்தேன். கொதி அடங்கிவிட்டது. சீவல்கள் ஃப்ரீசரிலிருந்து வந்தவை. வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பால் அந்தக் குளிரை ஈடுகட்ட முடியவில்லை. வெதுவெதுப்பான நீரில் இறைச்சி ஒன்றோடொன்று ஒட்டி, மேலே சாம்பல் நிறமாகவும் உள்ளே வேகாமலும் கிடந்தது. நுரை பொங்கி சூப் கலங்கியது. கொதி திரும்பியபோது மேலே இருந்தது ரப்பராகியிருந்தது. வந்திருந்த பெரியவர் ஒன்றும் சொல்லாமல் கரண்டியை எடுத்து நுரையை வழித்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை.

சீனத்தில் இதன் பெயர் ஹுவோகுவோ. ஹுவோ என்றால் நெருப்பு, குவோ என்றால் சட்டி. கொதி நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் விருந்து கொடுப்பவரின் வேலை. வேகவைப்பதை அவரவர் கைக்கு விட்டுவிட வேண்டும். இங்கே மாட்டின் இரைப்பையை, அதாவது மாவ்துவை, சாப்ஸ்டிக்கில் பிடித்தபடியே முக்கி முக்கி எடுப்பார்கள். 'ஏழு மேலே, எட்டு கீழே' என்று கணக்கு. சுமார் 15 விநாடி. ஓரம் சுருண்டு, மேலுள்ள சின்னச் சின்ன முள் விறைத்து நிற்கும்போது வாயில் போட்டால் நறுக்கென்று இருக்கும். கொட்டிவிட்டுத் தேடினால் அந்தப் பதம் போயே போய்விடும்.

உருளைக்கிழங்கு, தாமரைக்கிழங்கு மட்டும் முன்னாலேயே போகலாம். அவை வேக நேரமாகும்.

பச்சை இறைச்சியைத் தொட்ட குச்சியிலேயே சாப்பிடுவது

கூடவே கூடாது. அதற்கென்று தனியாக இரண்டு ஜோடி வையுங்கள்.

கீரையைச் சிவப்புப் பக்கம் போடுவது

சட்டியை நடுவில் தடுத்து, ஒரு பக்கம் காரமான சிவப்பு சூப்பும் மறுபக்கம் காரமில்லாத வெள்ளை சூப்பும் வைப்பார்கள். சிவப்பில் போட்டால் கீரை எண்ணெயையும் காரத்தையும் அப்படியே குடித்துவிடும். வெள்ளைப் பக்கம் போடுங்கள்.

தொட்டுக்கொள்ள எல்லாவற்றையும் கலப்பது

சோயா, வினிகர், மிளகாய் எண்ணெய் என்று கிண்ணத்தை நிரப்ப வேண்டாம். சோங்கிங்கில் நல்லெண்ணெயும் நசுக்கிய பூண்டும் போதும். காரத்தின் கூர்மையை எண்ணெய் தணிக்கும். எள் விழுது பெய்ஜிங் ஆட்டிறைச்சி ஹாட்பாட்டுக்கு உரியது.

நூடுல்ஸை முதலில் போடுவது

கடைசியில்.

சூப்பில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் விடுவது

இங்கே சிவப்பு சூப்பின் அடிப்படையே மாட்டுக் கொழுப்பு. வெள்ளைப் பக்கமும் பெரும்பாலும் எலும்பு சூப்தான். சைவம் சாப்பிடும் ஒரு அக்காவிடம், "நீங்கள் காய்கறி மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்" என்று ஒரு முறை சொல்லிவிட்டேன். இரண்டு துண்டு தோஃபு சாப்பிட்ட பிறகுதான் கேட்டார். நான் சொன்னதும் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டார். அன்று வெறும் சோறும் வெள்ளரிக்காயும்தான் சாப்பிட்டார். அப்புறம் யாரைக் கூப்பிட்டாலும் போனிலேயே கேட்டுவிடுகிறேன். தேவைப்பட்டால் தனியாக ஒரு சின்னச் சட்டியில் காளான் சூப் வைக்கிறேன். அதற்குக் கரண்டியும் தனி.