உப்புநீர் மீன்: வாங்கும்போதும் தனித்தொட்டியிலும் விடும் பிழைகள்

கிழக்கிலங்கையில், கல்லடியிலோ கல்முனையிலோ புதிதாக உப்புநீர்த் தொட்டி வைத்தவர் முதல் மூன்று மாதத்துக்குள் அனுப்பும் படம் அனேகமாக ஒன்றுதான்: தொட்டியின் அடியில் சரிந்து கிடக்கும் பவுடர் புளூ டாங். கூடவே ஒரு கேள்வியும் வரும்: "அண்ணே, நேற்று வரைக்கும் நல்லாத்தானே சாப்பிட்டுது?"

தொட்டி பக்குவப்படுமுன் மீன் விடக்கூடாது, இரண்டடித் தொட்டியில் பெரிய மீனை அடைக்கக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றை இங்கே விட்டுவிடுவோம். விசயம் தெரிந்தவர்களும் மீன் வாங்கும்போதும், புது மீனைப் பெரிய தொட்டியில் விடுமுன் நோய் பார்த்து வைத்திருக்கும் தனித்தொட்டியிலும் திரும்பத் திரும்ப விடும் பிழைகள் வேறு.

சுழியோடியிடம் அன்றைக்கே வாங்குவது

ஏறத்தாழ சித்திரை முதல் புரட்டாதி வரை தெற்கிலும் மேற்கிலும் கடல் கொந்தளிக்கும். அலங்கார மீன் பிடிக்கும் சுழியோடிகள் அந்த மாதங்களில் கிழக்குக் கரைக்கு வருவார்கள். மீன் கையெட்டும் தூரத்தில் கிடைக்கும் காலம் அது. காலையில் பிடித்ததை மாலையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் பிழை. ஆழத்திலிருந்து வேகமாகத் தூக்கிய மீனுக்குக் காற்றுப்பை ஊதியிருக்கும். தலை கீழே, வால் மேலே என்று நீந்தும். நீந்துவதை நிறுத்தினால் மேலே மிதந்துவிடும். வீட்டில் வைத்து அதற்குச் செய்ய எதுவுமில்லை.

முற்பணம் கொடுத்துவிட்டு, குறைந்தது 5 நாள் மீனைப் பிடித்தவரின் தொட்டியிலேயே விடுங்கள். பிறகு போய் உங்கள் கண்முன்னே இரை போடச் சொல்லுங்கள். இரைக்குப் பக்கத்தில் வந்து பார்ப்பதைச் சாப்பாடு என்று எண்ண வேண்டாம், விழுங்க வேண்டும். செவுள் அடிப்பதை 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். அமைதியாக நிற்கும் மீனுக்கு நிமிடத்துக்கு 80ஐத் தாண்டினால் வாங்காதீர்கள். ஒரு செவுளை மூடிக்கொண்டு மற்றதால் மட்டும் மூச்சுவிடுகிறதென்றால் செவுளில் தட்டைப்புழு இருக்கக்கூடும். வயிறு ஒட்டியிருந்தால் தேற்றலாம். தலைக்குப் பின்னே முதுகுத் தசையும் வற்றியிருந்தால் அந்த மீன் பெரும்பாலும் தேறாது.

எங்கே, எப்படிப் பிடித்தது என்றும் கேளுங்கள். பவளத்தின் மேல் போட்டு அடித்துப் பிடிக்கும் மொக்சி வலை தடைசெய்யப்பட்டது. காயங்கேணிப் பவளப்பாறை 2019இல் கடல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அங்கே பிடித்த மீன் எவ்வளவு வடிவாக இருந்தாலும் வேண்டாம்.

இரவு பஸ்ஸில் வந்த பையைச் சொட்டுச் சொட்டாகப் பழக்குவது

கொழும்பிலிருந்து வரும் மீன் பைக்குள் பத்து மணித்தியாலம் வரை இருக்கும். அத்தனை நேரமும் அது மூச்சுவிட்ட காபனீரொட்சைட்டு நீரில் கரைந்து, நீரின் பி.எச். (அமில-கார அளவு) இறங்கியிருக்கும். கழிவிலிருந்து வந்த அமோனியாவும் அதே நீரில்தான் இருக்கிறது. ஆனால் பி.எச். தாழ்ந்திருக்கும்வரை அது நஞ்சு குறைந்த அமோனியமாகவே இருக்கும். பையைத் திறந்ததும் காபனீரொட்சைட்டு வெளியேறும், பி.எச். ஏறும், அமோனியம் நஞ்சுள்ள அமோனியாவாக மாறும். திறந்த பையில் இரண்டு மணித்தியாலம் சொட்டு நீர் விட்டுப் பழக்குகிறவர், மீனை அந்த நஞ்சுக்குள்ளேதான் நிறுத்தி வைத்திருக்கிறார். மென்மையாகச் செய்கிறோம் என்ற நினைப்பில் நடக்கும் கேடு இது.

சொட்டு நீர் விடுவதே உப்பளவு வித்தியாசத்தைச் சரிக்கட்டத்தான். அந்த வித்தியாசமே இல்லாமல் செய்துவிடலாம். மீனை அனுப்புமுன் விற்பவரிடம் அவருடைய தொட்டியின் உப்பளவைக் கேளுங்கள். மொத்த வியாபாரிகள் பலர் அதை ஒப்படர்த்திக் கணக்கில் 1.018 முதல் 1.020 வரை வைத்திருப்பார்கள். உங்கள் தனித்தொட்டியையும் அதே அளவுக்குக் கலந்து வையுங்கள். பை வந்ததும் திறக்காமல் 15 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமப்படுத்துங்கள். பிறகு திறந்து, பை நீரை ஒரு வாளியில் வடித்து, மீனை மட்டும் உள்ளே விடுங்கள். பை நீரில் ஒரு கோப்பையும் தொட்டிக்குள் போகக்கூடாது. அடுத்த நாட்களில் நாளொன்றுக்கு 0.001 அல்லது 0.002 என்று ஏற்றி 1.025க்குக் கொண்டுவரலாம். மீன் உப்புக் குறைவதைத் தாங்கும். திடீரென்று கூடுவதைத் தாங்காது.

புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துவது

இந்தப் பட்டியலில் அதிகமான மீன்களைக் கொன்றது இதுதான். பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருவதும் இதனால்தான். தனித்தொட்டி வாங்கியாயிற்று, மருந்து வாங்கியாயிற்று, அளவுமானி வாங்கியாயிற்று. செலவெல்லாம் செய்து முடித்த பிறகு, இன்னும் மூன்று கிழமை பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் கெடுப்பார்கள்.

வழக்கமாக நடப்பது இப்படி. மீன் வந்த நான்காம் நாள் செட்டையில் உப்புப் பரல் மாதிரி வெள்ளைப் புள்ளிகள் தெரியும். பயந்துபோய் கொப்பர் (செப்பு) மருந்து போடுவார்கள். ஏழாம் நாள் மீன் பளபளவென்று இருக்கும். "மருந்து பிடிச்சிட்டுது" என்று ஒன்பதாம் நாள் பெரிய தொட்டிக்கு மாற்றுவார்கள். அடுத்த பதினைந்து நாளுக்குள் புதிய மீனோடு, இரண்டு வருடம் வளர்த்த கோமாளி மீனும் போகும்.

மருந்து போடாமல் விட்டிருந்தாலும் அந்தப் புள்ளிகள் ஏழாம் நாளளவில் மறைந்திருக்கும். வெண்புள்ளி நோயைத் தரும் கிரிப்டோகேரியன் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் 3 முதல் 7 நாள் வரை தின்று கொழுத்துவிட்டுத் தானாகவே உதிரும். உதிர்ந்தது தொட்டியின் அடியில் ஒட்டி, சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குள் அது நூற்றுக்கணக்கில் பெருகும். சில நாள் முதல் சில கிழமை கழித்துக் கூடு வெடித்து, குஞ்சுகள் நீந்தி மீனைத் தேடும். ஓரிரு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை செத்துவிடும். கொப்பர் கொல்வது இந்த நீந்தும் பருவத்தை மட்டும்தான். மீனின் தோலுக்குள் இருப்பதை அது தொடாது, கூட்டுக்குள் இருப்பதையும் தொடாது. ஆகவே கடைசிக் கூடு வெடிக்கும்வரை மருந்து நீரில் முழு அளவில் காத்திருக்க வேண்டும். புள்ளி தெரியாத நாட்களில்தான் மருந்துக்கு வேலை அதிகம். செவுளுக்குள் மட்டும் ஒட்டியிருந்தால் உடம்பில் ஒரு புள்ளியும் தெரியாமலே மீன் நோயைச் சுமக்கும்.

அளவுகள் இவை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமான தொட்டியில் விளிம்புக்குக் கீழே இடம் விட்டால் ஏறக்குறைய 50 லீற்றர் பிடிக்கும். கணக்குப் போட்டுக்கொண்டிருக்காமல் வாளியால் அளந்து ஊற்றி, நீர்மட்டத்தில் மார்க்கர் கோடு போடுங்கள். மருந்து சீகெம் நிறுவனத்தின் கப்ரமின் என்ற கொப்பர் என்றால் 40 லீற்றருக்கு 1 மில்லிலீற்றர் விட லீற்றருக்கு 0.25 மில்லிகிராம் வரும். அதாவது 50 லீற்றருக்கு 1.25 மில்லிலீற்றர். 48 மணித்தியாலம் கழித்து அதே அளவு இன்னொரு முறை; இலக்கு லீற்றருக்கு 0.5 மில்லிகிராம். கொப்பர் பவர் போன்ற கட்டுண்ட (வேறொரு மூலக்கூறோடு பிணைத்த) கொப்பருக்கு இலக்கு 2.0 முதல் 2.5 வரை. இரண்டும் வேறு வேறு மருந்து. ஒன்றின் எண்ணை மற்றதற்குப் பாவித்தால், ஒரு பக்கம் மீன் சாகும், மறுபக்கம் ஒட்டுண்ணி பிழைக்கும். விவசாயக் கடையில் வாங்கும் மயில்துத்தத்தைக் கரைத்து ஊற்றும் யோசனையை விட்டுவிடுங்கள்.

நாளாந்தம் அளக்க வேண்டும். நிற அட்டையில் 0.25ஐயும் 0.5ஐயும் கண்ணால் பிரித்தறிவது கடினம். ஹன்னா நிறுவனத்தின் இலக்க அளவுமானி இருந்தால் நல்லது. ஆவியான நீருக்கு வெறும் நன்னீர் விட்டால் போதும், கொப்பர் ஆவியாவதில்லை. ஆனால் 10 லீற்றர் நீர் மாற்றினால் புது நீரில் முன்கூட்டியே 0.5 மில்லிலீற்றர் கப்ரமின் கலந்துதான் ஊற்ற வேண்டும். இதை மறந்துவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள் பலர். அமோனியா ஏறினால் நீரை மாற்றுங்கள். கப்ரமின் இருக்கும் நீரில் பிரைம் போன்ற அமோனியா நீக்கி விட்டால் கொப்பர் மேலும் நஞ்சாகும்.

மருந்து முழு அளவில் 30 நாள் நிற்க வேண்டும். அது முதற்துளி விட்ட நாளிலிருந்து எண்ணுவதல்ல. முழு அளவைத் தொட்ட நாளிலிருந்து. அந்தத் திகதியைத் தொட்டிக் கண்ணாடியில் எழுதி வையுங்கள். 12ஆம் நாள் அளவு 0.3க்கு இறங்கியிருப்பதைக் கண்டால், அதை அழித்துவிட்டு, முழு அளவுக்கு மறுபடி ஏற்றிய நாளை 1ஆம் நாளாக எழுதுங்கள். போத்தலில் 14 நாள் என்று போட்டிருக்கிறதே என்பார்கள். 14 நாளில் நிறுத்த விரும்பினால், மீனை முற்றிலும் காய்ந்த வேறொரு தொட்டிக்கு, வேறு நீருக்கு மாற்ற வேண்டும். அதே தொட்டியில் வைத்திருந்தால் 30தான்.

வெண்புள்ளியைவிட வேகமானது வெல்வெட் நோய். புள்ளி தெரியுமுன்னே கொல்லும். மீன் பம்பின் நீரோட்டத்துக்கு எதிரே முகம் வைத்து நிற்கும், வெளிச்சத்துக்கு ஒளியும், மூச்சு வாங்கும், ஓரிரு நாளில் போய்விடும். அதற்கும் இதே கொப்பர்தான். ஆகவே டாங்கோ வண்ணத்துப்பூச்சி மீனோ, புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் முழு 30 நாளும் கொடுங்கள். கோமாளி மீனில் தோல் வெள்ளைச் சளியாக உரிந்தால் மட்டும் கதை வேறு. அது புரூக்லினெல்லா என்ற வேறொரு ஒட்டுண்ணி, கொப்பர் அதை நிறுத்தாது, போமலின் தேவை.

30 நாள் முடிந்ததும் கரி வடிகட்டியால் கொப்பரை எடுத்துவிட்டு, தட்டைப்புழுவுக்குப் பிரசிகுவாண்டல் கொடுங்கள்: லீற்றருக்கு 2.5 மில்லிகிராம், 5 முதல் 7 நாள் இடைவெளியில் இரண்டு முறை, காற்றுப் பம்பை முழு வேகத்தில் வைத்து. மருந்தில்லாமல் இரண்டு கிழமை பார்த்த பிறகே பெரிய தொட்டி.

தனித்தொட்டியில் மணலும் கல்லும்

போடாதீர்கள். பவளமணலும் உயிர்க்கல்லும் (நுண்ணுயிர் குடியிருக்கும் பாறைக்கல்) கொப்பரை உறிஞ்சிவிடும், காலையில் 0.5 இருந்தது மாலையில் 0.3 ஆகும். ஒளிந்துகொள்ள இரண்டு அங்குல பிவிசி குழாய் முழங்கைகள் நாலைந்து போதும். பெரிய தொட்டியில் ஒரு மாதம் ஊறிய பஞ்சு வடிகட்டி ஒன்று. மேலே மூடி, புது மீன் முதல் இரவே பாயும்.

ஒரே வலை, ஒரே வாளி

எல்லாம் இரண்டிரண்டு வேண்டும். இரண்டு தொட்டிக்கும் இடையில் குறைந்தது 3 மீற்றர். வெல்வெட் காற்றுக்குமிழித் துளிகளோடும் பரவும்.

துப்புரவு மீன் நோயைத் தின்றுவிடும் என்று நம்புவது

தின்னாது. பட்டினியால் சாகும்.

வாடைக்காலத்தில் கடல்நீர் அள்ளுவது

கார்த்திகை முதல் தை வரை வேண்டாம். முகத்துவாரம் வெட்டியதும் வாவியின் வெள்ளமும் வயல்களின் பசளையும் நாசினியும் கடலில் கலக்கும். கல்லடிக் கரையில் நீர் கலங்கி, உப்பளவும் இறங்கியிருக்கும். அந்த மாதங்களில் மீன் தொட்டிக்கென்று விற்கும் பக்கெட் உப்பையே பாவியுங்கள்.

சந்தை மட்டியைப் பச்சையாகப் போடுவது

சாப்பிட மறுக்கும் வண்ணத்துப்பூச்சி மீனுக்குத் திறந்த மட்டியைப் போல் ஆசை காட்டக்கூடியது வேறில்லை. ஆனால் நேரே போடாமல், ஒரு கிழமை உறைய வைத்து, கழுவிப் போடுங்கள். அரை மணித்தியாலத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். கொப்பர் நீரில் வடிகட்டியின் நல்ல பற்றீரியா பலவீனமாகியிருக்கும். மிச்ச இறைச்சியின் அமோனியாவை அது தாங்காது.

கரண்ட் போகும் என்று எண்ணாதது

பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று எப்போதும் தயாராக இருக்கட்டும். ஆனி, ஆடி மத்தியானத்தில் மூடிய அறையில் நீர் 31 பாகை வரை ஏறும். சூடான நீரில் ஒட்சிசன் குறைவு, கொப்பர் குடித்த மீனுக்கு மூச்சு இன்னும் குறைவு. நீரின் மேலே ஒரு சிறிய மின்விசிறி வைத்தால் 2 பாகை இறங்கும்.

நோய் பெரிய தொட்டிக்குள் போய்விட்டால்

பவளம் இருக்கும் தொட்டியில் கொப்பர் ஊற்ற முடியாது. இறாலும் நத்தையும் பவளமும் சாகும். மீன் எல்லாவற்றையும் பிடித்துத் தனித்தொட்டிக்கு மாற்றி, பெரிய தொட்டியை 76 நாள் மீனில்லாமல் விட வேண்டும். இந்த ஒட்டுண்ணியின் கூடு அரிதாக 72 நாள் கழித்தும் வெடித்தது பதிவாகியிருக்கிறது. அதற்கு மேலே கொஞ்சம் சேர்த்துத்தான் 76. பவளமும் நத்தையும் இருக்கலாம், வெளிச்சமும் பம்பும் ஓடலாம். ஆனால் கல்லுக்குள் ஒளிந்த ஒரு சிறிய கோபி மீன் மிச்சமிருந்தாலும் எண்ணிக்கை தொடங்கவேயில்லை. 50ஆம் நாள் வேறொருவரின் மீன் தொட்டியிலிருந்து ஒரு பவளத்துண்டைக் கொண்டுவந்து வைத்தால், அதன் அடிக்கல்லில் கூடு ஒட்டியிருக்கலாம். அன்றிலிருந்து மறுபடி 1.