மீட்டர் சிவக்காமலே உடைந்த குரல்

கணினியில் மிக்ஸ் செய்துகொண்டிருந்த ஒரு பாட்டின் பல்லவியில் மட்டும் குரல் கரகரத்தது. மொத்த ஒலியின் அளவைக் காட்டும் மாஸ்டர் மீட்டரோ -6 டெசிபலைத் தாண்டவே இல்லை; 0-வைத் தாண்டினால்தான் அது சிவக்கும், ஒலி வெட்டுப்படும். கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரை 1024 சாம்பிளுக்கு ஏற்றினேன், ஆடியோ டிரைவரை மாற்றினேன். நாட்கள் போனதுதான் மிச்சம். பஃபர் கோளாறு இடம் மாறி மாறி வரும். இது ஒவ்வொரு முறையும் பாடல் வரியின் அதே எழுத்தில் வந்தது.

அப்புறம் எக்ஸ்போர்ட் செய்த கோப்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அலையின் உச்சிகள் கத்தியால் சீவியதுபோல் தட்டை, அதுவும் 0-வுக்கு வெகு கீழே. அப்படியானால் வெட்டு மாஸ்டருக்கு முன்பே எங்கோ விழுகிறது. மூலப் பதிவு சுத்தம். குரல் ட்ராக்கில் போட்டிருந்த ப்ளக்இன்களை, அதாவது ஒலியை மாற்றும் துணை மென்பொருள்களை, ஒவ்வொன்றாக அணைத்தேன். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் அனலாக் பாணி (பழைய கருவிகளைப் போலச் செய்யும்) கம்ப்ரஸரை அணைத்ததும் குரல் தெளிந்தது. இந்த வகை பெரும்பாலும் -18 டெசிபல் அளவிலான சிக்னலை எதிர்பார்க்கும். அதற்கு முன்னால் ஒலியளவை மட்டும் மாற்றும் கெயின் ப்ளக்இன் போட்டு 12 டெசிபல் குறைத்தேன். கரகரப்பு போயே போய்விட்டது, அப்பாடா! ட்ராக்கின் ஒலியளவுக்கான ஃபேடரைக் குறைத்துப் பயனில்லை. அது ப்ளக்இன்களுக்குப் பிறகுதான் வருகிறது.