பழைய பீரங்கி யாருடையது? கண்டுபிடிக்கும் வழி

கோட்டை வாசலில் பீரங்கி கிடந்தால் போதும், "இது திப்பு சுல்தானோடது" என்று சொல்ல ஊருக்கு ஒருவர் இருப்பார். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் பீரங்கியையே விசாரிப்போம். டார்ச், அளவு நாடா, சின்னக் காந்தம் போதும்.

1. வாய்க்குள் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், பழைய வெடிமருந்து இருக்கலாம். கம்பி பிரஷ்ஷும் வேண்டாம். துருவோடு எழுத்தும் போய்விடும்.

2. காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் பெரும்பாலும் வெண்கலம். இரும்பில் நீளப் பட்டைகளும் அவற்றைச் சுற்றி நெருக்கமான வளையங்களும் தெரிந்தால், அது வார்த்ததல்ல, கொல்லர்கள் காய்ச்சி அடித்து இணைத்தது. தஞ்சாவூர் பீரங்கி மேட்டில் இருப்பது அந்த வகை.

3. இருட்டிய பிறகு போய், டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். பகலில் தெரியாத எழுத்து நிழலோடு எழும்பும். கிரீடத்துக்குக் கீழே 'ஜி ஆர்' எழுத்துகளும் 3-ம் இருந்தால் மூன்றாம் ஜார்ஜ் காலம், 1760–1820. காக்கைக் கால் போன்ற அம்புக்குறி பிரிட்டிஷ் அரசின் சொத்து என்பதற்கு அடையாளம். பெரிய 'வி'யின் இரு கால்களிலும் 'ஓ', 'சி' கோத்திருந்தால் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. அதன் தலைமேல் 'ஏ' இருந்தால் ஆம்ஸ்டர்டாம் கிளை.

4. பலரும் சறுக்குவது எண்களில்தான். பின்பக்கம் 1734 என்று இருக்கிறது, வார்த்த வருஷம் என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். எண்களுக்கு நடுவே புள்ளியோ கோடோ தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலேயப் பீரங்கியில் அது 17-3-4 ஆக, அதாவது எடையாக இருக்கலாம்: 17 அந்தர், 3 கால் அந்தர், 4 பவுண்டு. ஒரு அந்தர் 112 பவுண்டு, கால் அந்தர் 28. கூட்டினால் 1992 பவுண்டு, சுமார் 904 கிலோ. அப்புறம் வாயின் உள்விட்டத்தை அளந்து பாருங்கள். 93 மில்லிமீட்டரை ஒட்டி வந்தால் ஆறு பவுண்டு குண்டு போடும் பீரங்கி, எடையும் அதற்குப் பொருந்துகிறது. துரு தின்ற வாய் கொஞ்சம் அகலமாகவே காட்டும்.

5. வண்டியில் உட்கார இருபுறமும் நீட்டியிருக்கும் முளைகளின் முகப்பையும் பாருங்கள். வார்த்த பட்டறையின் குறி பெரும்பாலும் அங்கேதான். டச்சுக்காரர்கள் ஸ்வீடனில் பீரங்கி வாங்கினார்கள். அதனால் உடம்பில் கம்பெனி முத்திரையும் முளையில் ஸ்வீடன் பட்டறையின் எழுத்தும் இருந்தால் குழம்ப வேண்டாம்.

6. கிடக்கும் இடம் கடைசிச் சாட்சிதான். தரங்கம்பாடிக் கோட்டை 1620-இல் டேனியர் கட்டியது, 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. அங்கே கிடக்கும் பீரங்கி டேனியருடையது என்று அதன் முத்திரையைப் பார்க்காமல் எழுதிவிடாதீர்கள்.